இடது பின்சக்கரத்து வீல் கப்

கரட்டூரில் பொங்கியண்ணனுடைய கல்யாணக் காரின் இடது பின்சக்கரத்திலிருந்து வீல் கப் முதன்முதலாகக் கழன்று ஓடியபோது ஊர் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் கரட்டூர் லாரிக்குக் கூடு கட்டுகிற ஊர், அங்கே அன்றாடம் கழன்று ஓடுகிற நட்டு, கண்ணாடி, கொக்கி, சில சமயம் டிரைவரின் பல்செட் இவற்றையெல்லாம் விஷயமாக எடுத்துக்கொண்டால் வேறு வேலை நடக்காது. கப் தார்ரோட்டில் கணகணவென்று உருண்டு, பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றி, குறுக்கே வந்த எருமைக்கு வழிவிட்டு நின்று, எருமை போனதும் மறுபடி உருண்டு, எடைமேடைக்குப் பின்னால் ஒரு பெண் தனியாகக் குடியிருந்த வீட்டின் வாசற்படியில் ஏறி, கதவில் ஒரு முறை இடித்துவிட்டுச் சாய்ந்து படுத்தது. எருமைக்கு வழிவிட்டு நின்றதையாவது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அந்தக் காருக்கு முகம் அமெரிக்கா, முதுகு ஏதோ ஒரு ஜமீன் விற்றது, எஞ்சின் பழைய ஜீப்பினுடையது, சீட் இடித்துத் தள்ளிய சினிமா கொட்டகையின் பால்கனியிலிருந்து வந்தது. பொங்கியண்ணன் தம் பட்டறையிலேயே அதன் கூரையை அறுத்தெடுத்து, சந்தன நிறமும் அரக்கு நிறமும் அடித்து, லாரிக்காரர் வழக்கப்படி பம்பரில் ஒரு ஜோடி மயிலும் வரையவைத்து, மாப்பிள்ளை அழைப்புக்கும் ஊர்வலத்துக்கும் விட்டுவந்தார். நான்கு சக்கரத்திலும் முகம் பார்க்கிற மாதிரி நிக்கல் பூச்சுப் போட்ட வீல் கப்புகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தாமரை. மாப்பிள்ளையின் முகத்தைவிடக் கூட்டம் முதலில் பார்ப்பது அந்தக் கப்புகளில் தெரியும் தன் முகத்தைத்தான்.

கப் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தொப்பி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் நம் பட்டறைகளுக்கு வந்து வாய்மாறி டீ குடிக்கிற கப் ஆகிவிட்டது என்பது ஒரு கட்சி. சக்கரத்தின் நடுப்பாகத்துக்குக் குடம் என்று பழைய பெயர் இருப்பதால் குடம் சிறுத்துக் கப்பாகியிருக்கலாம் என்பது ஊர் நூலகரின் கட்சி, அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர். இதுபோக, துர்நாற்றத்துக்குக் கப்பு என்று பெயருண்டு. எல்லோரும் ஒன்றுசேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் கப்சிப் என்கிறோம். இந்தக் கதைக்கு இவை எல்லாமே வேண்டியிருக்கும்.

அன்றைக்குக் காரில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எடைமேடையில் கணக்கு எழுதுகிறவன். கதவைத் திறந்த பெண் கப்பை எடுத்தாள், தூரத்தில் ஊர்வலத்தைப் பார்த்தாள், முந்தானையால் கப்பின் தூசியைத் துடைத்து, தேடி வந்தவர்களிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு சாத்திய விதத்தைப் பார்த்த சிலருக்கு விஷயம் புரிந்தது. அடுத்தது கவுன்சிலர் ஒருவரின் வெற்றி ஊர்வலம். கப் கழன்று மேட்டுத்தெருவின் ஏற்றத்தில் சாவகாசமாக ஏறி, அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய், ராத்திரியோடு ராத்திரியாக இவர் தள்ளிக் கட்டிய மதிலில் முட்டி நின்றது. இறக்கத்தில் உருள்வது இயற்பியல், ஏற்றத்தில் உருள்வது வேறேதோ பாடம் என்று கரட்டூர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. பிறகு பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை பணி ஓய்வு பெற்று ஊர்வலமாக வந்தபோது, எப்போதோ ஒருமுறை திருடி என்று பட்டம் கட்டிப் பள்ளியை விட்டு அனுப்பிய மாணவியின் வீட்டுக்குக் கப் போயிற்று. அந்தம்மா காரை நிறுத்தச் சொல்லி, மாலையோடு இறங்கி, கப்பின் பின்னாலேயே நடந்து அந்த வீட்டுக்குள் போய், வெகுநேரம் கழித்து வீங்கிய கண்ணோடு வெளியே வந்தார். கப்பின் பின்னால் தானாக நடந்து போனவர் அதுவரை அவர் ஒருவர்தான். ஊருக்கே ஒழுக்கம் சொல்லும் பாலதண்டாயுதம் காரில் ஏறிய நாளில் கப் எந்த வீட்டுக்குப் போவது என்று தீர்மானிக்க முடியாமல் தெருத்தெருவாக அலைந்து, களைத்துப்போய்ச் சந்தைப்பேட்டை நடுவில் படுத்துக்கொண்டது.

ஆக, காரில் ஏறியவர் யாருக்கு என்ன தீங்கு செய்துவிட்டு மறைத்துவைத்திருக்கிறாரோ அவர் வீட்டுக்குக் கப் போகும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கரட்டூருக்கு ஏன் என்பதைவிட இனி என்ன செய்வது என்பதில்தான் எப்போதும் அக்கறை.

கப் முதலில் ஊர்ப் பேச்சில் ஏறியது. புத்தி பேதலித்தவனை மரை கழண்டவன் என்று சொல்லிவந்த ஊர், குட்டு வெளிப்பட்டவனைக் கப் கழண்டவன் என்றது. பெண் பார்க்க வந்த இடத்தில், பையனுக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டா என்ற கேள்வி போய், கார்ல வருவாருங்களா என்ற கேள்வி வந்தது. டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். தேடிவரும் கப் ஏற முடியாதபடி சிலர் வாசற்படியை உயர்த்திக் கட்டினார்கள். அவர்களுக்கு உண்மை வேண்டாம், நிம்மதி போதும். தங்களிடம் யாரோ எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தவர்கள், கப் ஏற வசதியாக வாசலுக்குச் சிமெண்டில் சரிவு கட்டினார்கள். சாயங்காலத்தில் தெருவில் நடந்து போகிறவர்கள், எத்தனை வாசல்களில் சரிவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

இப்படிப்பட்ட காரில் எவன் ஏறுவான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஏறாமல் இருக்க முடியாது என்பதுதான் அதிலிருந்த சங்கடம். கார் வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் ஏன் வேண்டாம் என்கிறான் என்று ஊர் கேட்கும், அந்தக் கேள்விக்குக் கப் கழன்று ஓடுவதே மேல். அதனால் எல்லோரும் ஏறினார்கள், ஏறுவதற்கு முன்னால் எல்லோரும் துரைராசுவைத் தனியாகப் பார்த்து, “கப்ப நல்லா மாட்டியிருக்கறயா தொரை” என்று கேட்டார்கள்.

துரைராசு பொங்கியண்ணனின் பட்டறையில் டிங்கர், காரை ஓட்டுகிறவனும் அவனே. வீல் கப் மாட்டுவது பெரிய வித்தை கிடையாது. கப்பின் உள்விளிம்பில் வில் மாதிரி வளைந்து கொடுக்கும் பற்கள் இருக்கும், ரிம்மில் அந்தப் பற்கள் கடித்துக்கொள்ள ஒரு மேடு இருக்கும். காற்றடிக்கும் மூக்கு கப்பின் ஓட்டைக்கு நேராக வரும்படி வைத்து, கீழ்ப்பற்களை முதலில் கடிக்கவிட்டு, ரப்பர் சுத்தியால் விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தால் டப் என்று ஒரு சத்தம் வரும், உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். துரைராசு ரிம்மில் அப்பியிருந்த பெயிண்டைச் சுரண்டினான், பற்களைக் குறட்டால் வெளிப்பக்கம் நெம்பினான், சைக்கிள் டியூப்பை வெட்டி இடையில் சொருகினான், எம்-சீல் அப்பினான், கம்பி போட்டுக் கட்டினான். ஒவ்வொரு தடவையும் டப் என்ற சத்தம் வந்தது. ஒவ்வொரு தடவையும் கப் போக வேண்டிய வீட்டுக்குப் போயிற்று. மற்ற மூன்று கப்புகளும் ஒரு தட்டுக்கே உட்கார்ந்து, பேரன் பேத்தி எடுக்கும்வரை அங்கேயே இருக்கும்போல இருந்தன.

பொங்கியண்ணன் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், தம் மகன் தரணிக்கு ராசிபுரத்தில் பெண் முடிவாகும்வரை.

தரணி கெட்ட பையன் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும், அதுதான் இதில் தொந்தரவு. போன வருஷம் அப்பாவின் புது லாரியைத் தானே ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு, கூட டிரைவர் மாதேசுவை உட்காரவைத்துக்கொண்டு கணவாய் இறக்கத்தில் வரும்போது, சோளக்காட்டு வேலை முடிந்து ரோட்டைக் கடந்த ஒரு கிழவர் மேல் ஏற்றிவிட்டான். லாரித் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு, ஆள் நிற்பது என்று பேர். ஓட்டியவனிடம் ஹெவி லைசென்ஸ் இல்லையென்றால், அல்லது ஓட்டியவன் முதலாளி மகனென்றால், லைசென்ஸ் உள்ள இன்னொருவன் ஸ்டேஷனில் போய் நான்தான் ஓட்டினேன் என்று நிற்பான். அவன் வீட்டை முதலாளி பார்த்துக்கொள்வார். மாதேசு நின்றான். நிற்கச் சொல்லிப் பேசி அழைத்துப் போனவன் துரைராசு, ஏனென்றால் மாதேசு அவனுடைய அக்கா தங்காயியின் புருஷன், முதலாளி சொல்வதைவிட மச்சான் சொன்னால் கேட்பான். உடனே ஜாமீனில் எடுத்துவிடலாம் என்றார்கள். பிறகு, கல்யாணப் பேச்சு நடக்கும்போது கேஸ் கிளற வேண்டாம் என்றார்கள். வைகாசியில் கல்யாணம், ஆனியில் தீர்ப்பு. மாதேசு ஜெயிலில் இருந்தான்.

தங்காயி வாய் திறக்க முடியாது. மாதேசு நிற்கப் போன அன்றைக்கு, நம்பிக்கைக்கு ஒன்று வேண்டும் என்று பொங்கியண்ணன் கேட்க, அவள் கருப்பணார் கோயிலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, லாரியை யார் ஓட்டியது என்று எவரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள். சத்தியம் செய்தவர்கள் சொல்லாமல் இருக்க வேண்டியது எது, செய்யாமல் இருக்க வேண்டியது எது என்பதில் கரட்டூரில் நுட்பமான வேறுபாடுகள் உண்டு. அது பின்னால் வரும்.

“ஏன்டா தொரை, கப்பு நிக்குமா?” என்று பொங்கியண்ணன் கேட்டார்.

“நிக்க வெச்சிரலாமுங்க.”

“வெச்சிரலாமுங்கன்னா? ராசிபுரத்துச் சம்பந்தி, அதான் பொண்ணோட மாமன் செங்கோட்டுவேலு, போன்ல சொல்லிப்போட்டாரு. கப்போட வர்ற மாப்பிள்ளைன்னா மண்டபத்துக்கு வரட்டும், இல்லாட்டி அப்படியே திரும்பிப் போகட்டும்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. அவரு சிரிச்சுக்கிட்டு சொன்னா மொறச்சுக்கிட்டு சொல்றதவிட மோசம்.”

“கப்பு மாதேசு மாமன் ஊட்டுக்குத்தானுங்க போகும்.”

“எங்க போகும்னு நான் கேட்டனா? நிக்குமான்னு கேட்டேன்.”

துரைராசு புதிதாக ஒரு கிளிப் அடித்து மாட்டி, காரை எடுத்துக்கொண்டு சந்தைப்பேட்டைவரை ஓட்டிப் பார்த்தான். சந்தைப்பேட்டை வருவதற்குள் கப் கழன்றது. அதன் பின்னால் ஓடியபோதுதான் அவனுக்கு உறைத்தது, காரில் தரணி இல்லை, தான் மட்டுமே இருக்கிறோம் என்று. கப் தயங்காமல் தண்ணித்தொட்டிச் சந்துக்குள் திரும்பி, சரிவு எதுவும் கட்டியிராத தங்காயியின் வாசலில் தாவி ஏறிப் படுத்தது. மறுபடி கிளிப்பை மாற்றினான், மறுபடி ஓட்டினான், மறுபடி அதே சந்து. அன்றைக்கு அவன் போனபோது கப் மல்லாந்து கிடந்தது, அதில் தண்ணீர் ஊற்றியிருந்தது, தங்காயியின் கோழிகள் அதில் குடித்துக்கொண்டிருந்தன.

“அக்கா, கப்பக் குடு.”

“எந்தக் கப்பு?”

“கோழி தண்ணி குடிக்குதே, அது.”

“அது கோழிக்குத் தண்ணி வெக்கற சட்டி. எங்கூட்டு வாசல்ல வந்து உழுந்துச்சு, எடுத்துக்கிட்டேன். உன்றதுன்னு பேரு போட்டிருக்குதா?”

“மொதலாளி கேக்கறாருக்கா.”

“எங்கூட்டுக்காரரையே எடுத்துக் குடுத்தவனாச்சே நீ. ஒரு சட்டிக்குப் போயி என்னையக் கேக்கறே, எடுத்துக்கிட்டுப் போ.”

அவன் எடுக்கவில்லை. ஒரு சேவல் கப்பில் தெரிந்த இன்னொரு சேவலோடு சண்டைக்கு நின்றது. கயிற்றில் மாதேசுவின் வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. வாய்தாவுக்கு வாய்தா அதைத் துவைத்துத் தேய்த்து, ஒருவேளை விட்டுவிட்டால் போட்டுக்கொண்டு வரட்டும் என்று மஞ்சப்பையில் எடுத்துப் போவாள், மாலையில் அதே மடிப்போடு திருப்பிக் கொண்டுவருவாள், அடுத்த வாய்தாவுக்கு மறுபடி துவைப்பாள். போடாத சட்டைக்கு என்ன அழுக்கு என்று அவளிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

“வாயத் தொறந்து நாலு வார்த்த திட்டிப்போடுக்கா. இப்படிப் பேசாம இருக்காதே.”

“திட்டறதுக்கு வாயத் தொறந்தா, அது பொறத்தாலயே வேறென்னமாச்சியும் வந்துரும். கற்பூரம் அணைச்ச கை இது.” அவள் சட்டையைத் திருப்பிப் போட்டாள். “செத்தவரு பேராச்சியும் தெரியுமாடா உனக்கு?”

துரைராசுவுக்குத் தெரியவில்லை.

“சிக்கண்ணன். அவரு சம்சாரம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து என்ற பக்கத்துலதான் உக்காருது. புளிச்சோறு கொண்டாந்தா எனக்கும் ஒரு உருண்ட குடுக்குது. நான் யாரோட சம்சாரம்னு அதுக்குத் தெரியும். யாரோட சம்சாரம் இல்லைன்னு தெரியாது.” சட்டியிலிருந்த தண்ணீரை அவளே கொட்டி, கப்பை அவன் கையில் கொடுத்தாள். “போ. நல்லா மாட்டு.”

அன்று மத்தியானம் துரைராசு பட்டறையில் வெறி பிடித்தவன்போல வேலை செய்தான். அவன் மனதில் என்ன இருந்தது என்று பின்னால் பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் எளிமையான விளக்கம், இன்னொரு தடவை அந்தச் சந்துக்குள் போக அவனால் முடியாது என்பதுதான். பற்களையும் கிளிப்பையும் தூக்கிப் போட்டான். மூன்று கால் வைத்த ஒரு இரும்புப் பட்டையைச் செய்து, அதைச் சக்கரத்தின் நட்டுகளுக்கு அடியிலேயே வைத்து முடுக்கி, நடுவில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு போல்ட்டை நிறுத்தினான். தாமரையின் நடுவில் துளையிட்டுக் கப்பை அதில் கோத்து, லாக் வாஷர் போட்டு, ஒரு நட்டை வைத்து முழு உடம்பின் பலத்தையும் கொடுத்து இறுக்கினான்.

அந்தப் போல்ட்டும் நட்டும் லாரியினுடையவை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உலகத்து நட்டுகள் வலப்பக்கம் திருகினால் இறுகும். லாரியின் இடதுபக்கச் சக்கரங்களில் மட்டும் எதிர்மரை. அந்த நட்டு இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். சக்கரம் முன்னால் சுற்றுகிற வேகத்தில் நட்டு கழன்றுவிடாமல், ஓட ஓட இறுகிக்கொண்டே போகட்டும் என்று செய்த ஏற்பாடு. காருக்கு இதெல்லாம் கிடையாது. ஆனால் கரட்டூர்க்காரன் கை இடது பக்கம் என்றால் தானாக எதிர்மரைப் பெட்டிக்குத்தான் போகும், எதிரில் நிற்பது கார் என்று அந்தக் கை யோசிக்காது.

வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவன் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “நிக்குமுங்க” என்றான்.

மாப்பிள்ளை அழைப்பு மாரியம்மன் கோயிலிலிருந்து. பட்டறைக்கு எதிரிலேயே கோயில் என்பதால், பூ ஜோடித்த காரை உதிராமல் தள்ளியே கொண்டுபோய் நிறுத்தினார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஊர் முழுக்க ரோட்டோரத்தில் நின்றது, மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் யாரும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, எல்லாக் கண்ணும் இடது பின்சக்கரத்தில் இருந்தது. தாமரை நடுவில் தடித்த நட்டைப் பார்த்து டீக்கடைக்காரர்கள் பந்தயத்தை மாற்றிக் கட்டினார்கள். தரணி பால்கனி சீட்டில் மாலைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். விபத்துக்குப் பிறகு அவன் வண்டி எதையும் ஓட்டியதில்லை, கல்யாணப் பத்திரிகை கொடுக்கக்கூட நடந்தே போனான். ஊர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது. காருக்கு முன்னால் பேண்டு, பேண்டுக்கு முன்னால் பொங்கியண்ணனும் செங்கோட்டுவேலுவும் தோளோடு தோள் உரச நடந்தார்கள்.

கார் நகர்ந்தது. கப் நின்றது. கோயில் முனை தாண்டியது, கப் நின்றது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். பஸ் ஸ்டாண்டு வந்தது, நிக்கலில் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சுற்றியது, கப் நின்றது. செங்கோட்டுவேலு திரும்பிப் பார்த்து, “பரவாயில்லையே சம்பந்தி” என்றார். பொங்கியண்ணன் முதல்தடவையாகத் தம் மீசையைத் தொட்டார்.

சந்தைப்பேட்டையில் மண்டபத்துக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். துரைராசு ஸ்டீரிங்கை வலப்பக்கம் ஒடித்தான். கார் இடப்பக்கம் திரும்பியது.

அவன் பிரேக்கை மிதித்தான், பிரேக் பதவிசாக உள்ளே போய் வந்தது, அவ்வளவுதான். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். எஞ்சின் அணைந்தது, கார் போய்க்கொண்டிருந்தது. கப்புக்குப் போக வேண்டிய இடம் தெரியும், கழன்று போகத்தான் வழியில்லை. போக முயன்ற ஒவ்வொரு சுற்றிலும் எதிர்மரை இன்னும் இறுகியது, இறுகிய கப் சக்கரத்தை இழுத்தது, சக்கரம் அச்சை இழுத்தது, அச்சு அந்த அமெரிக்க முகத்தையும் ஜமீன் முதுகையும் சினிமாக் கொட்டகை சீட்டையும் அதில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு, எருமைகளுக்கு வழிவிட்டு, தண்ணித்தொட்டிச் சந்தை நோக்கிப் போயிற்று. பேண்டுக்காரர்கள், வாத்தியத்தின் பின்னால் ஊர்வலம் வருவதுதான் முறை என்றாலும், வேறு வழியில்லாமல் ஊர்வலத்தின் பின்னால் வாசித்துக்கொண்டே ஓடினார்கள். ஊர் அவர்கள் பின்னால் ஓடியது.

தங்காயியின் வாசலில் கார் நின்றது. முன்பம்பரின் மயில் அவளுடைய கோழிக்கூண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பேண்டு ஓய்ந்தது, கூட்டம் கப்சிப்பென்று ஆயிற்று.

“டேய் தொரை, ரிவர்ஸ் எடு!” என்று மூச்சிரைக்க வந்த பொங்கியண்ணன் கத்தினார். “எல்லாரும் புடிச்சுத் தள்ளுங்கடா பொறத்தால!”

ஐம்பது கை பிடித்துத் தள்ளியும் கார் அசையவில்லை. செங்கோட்டுவேலு தோளில் கிடந்த துண்டை எடுத்து நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “ஏனுங் சம்பந்தி, இது யாரூடுங்க?”

“டிரைவரு ஊடுங்க. ஒரு கேஸு விசயமா உள்ள இருக்கறானுங்க. மாசாமாசம் அரிசி பருப்பெல்லாம் நம்மதானுங்க.”

“அரிசி பருப்புக் குடுக்கற ஊட்டுக்கு இத்தன அவசரமா எதுக்குங்க வரோணும்?”

தங்காயி வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் சக்கரத்தின் அருகில் குனிந்து, கப்பின் நடுவிலிருந்த நட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“நீதான் மாட்டுனியா?” என்றாள் தம்பியிடம்.

“ஆமாக்கா.”

“நல்லாத்தான் மாட்டியிருக்கறே.”

துரைராசு அழுதான். ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டதால் ஹாரன் அடித்தது, அவன் எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் நின்றபோது தரணி சீட்டிலிருந்து எழுந்து நின்றிருந்தான். “எறங்கி வா கண்ணு, நடந்தே மண்டபத்துக்குப் போயிரலாம்” என்று அப்பா கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, பெண்ணின் மாமனிடம் அவன் சொன்னான்:

“மாமா, அன்னைக்குக் கணவாயில லாரிய ஓட்டுனது நானுங்க. மாதேசண்ணன் பக்கத்துல உக்காந்திருந்தாருங்க. மெதுவாப் போங்க தம்பின்னுகூட சொன்னாருங்க.”

“வெயில்ல பித்தம் தலைக்கேறிப் பேசறான்” என்றார் பொங்கியண்ணன்.

கரட்டூருக்கு இது அரைகுறையாகத் தெரிந்த விஷயம்தான். அரைகுறையாகத் தெரிந்ததை முழுதாகக் கேட்கும்போது ஒரு ஊர் எப்படித் தலையைக் குனியுமோ அப்படிக் குனிந்தது, குனிந்த இடத்திலும் நிக்கல் கப் இருந்ததால் அவரவர் முகத்தை அவரவர் பார்க்க வேண்டியிருந்தது. செங்கோட்டுவேலு துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். கல்யாணம் நடக்கும் என்றும் சொல்லவில்லை, நடக்காது என்றும் சொல்லவில்லை.

தங்காயி வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கொடிக் கயிற்றிலிருந்து எடுத்து மடித்த வெள்ளைச் சட்டையோடு மஞ்சப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து, கதவைப் பூட்டி, கார்க் கதவைத் திறந்து, முன்சீட்டில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தங்காயி!” என்றார் பொங்கியண்ணன். “கற்பூரம் அணைச்சிருக்கற நீ.”

“அணைச்சேனுங்க. ஒரு வார்த்த நான் சொன்னனா? எல்லாரையும் கேளுங்க.” அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “கார்ல ஏறி உக்காந்தேன், அவ்வளவுதானுங்க.”

இது சத்தியத்தை மீறியதாகுமா என்று கரட்டூரில் இன்றுவரை வாதம் நடக்கிறது. வாயால் செய்த சத்தியம் வாயைத்தான் கட்டும், காலைக் கட்டாது என்ற தரப்பில் பெரும்பான்மை இருக்கிறது. கருப்பணார் இதுவரை மாற்றுக்கருத்து எதையும் தெரிவிக்கவில்லை.

அவள் திரும்பிப் பார்த்து, நின்றுகொண்டிருந்த தரணியிடம் சொன்னாள்: “உக்காரு தம்பி. இந்தச் சந்துல சொல்லி என்ன ஆகும்? சொல்ற எடத்துல சொல்லோணும்.”

“சரிங்க்கா.” தரணி மாலையைக் கழற்றப் போனான்.

“அது கெடக்கட்டும். சிக்கண்ணன் ஊட்டுக்கு வெறுங்கையோட போக வேண்டாம். ஒரு மாலையாச்சியும் இருக்கட்டும்.”

அவன் உட்கார்ந்தான். அவன் எடை சீட்டில் இறங்கியதும், ஐம்பது கைக்கு அசையாத கார், யாரும் தொடாமல், வந்த வழியே பின்னால் போகாமல், சந்தின் அடுத்த முனையை நோக்கி முன்னால் நகர்ந்தது. அந்தப் பக்கம் சந்து போய் மெயின் ரோட்டில் சேரும், மெயின் ரோட்டில் முதலில் வருவது ஸ்டேஷன், வெகுதூரம் தள்ளி வருவது கணவாயும் அதையொட்டிய சிக்கண்ணனின் வீடும். கூட்டம் விலகி வழிவிட்டது. பொங்கியண்ணன் மட்டும் காரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு கூடவே நடந்தார், பிறகு கையை விட்டார்.

சந்து முனையில் துரைராசு பழக்கதோஷத்தில் கியருக்குக் கையைக் கொண்டுபோனான்.

“கைய எடு” என்றாள் தங்காயி. “ஸ்டீரிங்கையும் விடு. அதுக்கு எல்லா ஊடும் தெரியும்.”

அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். இடது பின்சக்கரத்தில் நட்டு ஒரு மயிரிழை இறுகுகிற சத்தம் கேட்டது.